நீர்க்கரைக் களஞ்சியங்களும் நமது பூட்டிய ஸ்டோர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில், வெளிநாட்டு நகரங்களின் ஆற்றங்கரைகளிலும் துறைமுகங்களிலும் கைவிடப்பட்டுக் கிடந்த களஞ்சியங்களும் மின்நிலையங்களும் கலைக்கூடங்களாகவும் இசை அரங்குகளாகவும் மாற்றப்பட்டிருப்பது பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். லண்டனைப் பற்றிக் கேட்கத் தொடங்கும் கடிதங்களில் பெரும்பாலானவை, எழுதியவரின் சொந்தத் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தேயிலையாக்கிய தொழிற்சாலையில், வந்து முடிகின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அந்தப் பெரிய களஞ்சியங்கள் நகரத்தின் நடுவில், ஆற்றை ஒட்டிய விலைமதிப்புள்ள நிலத்தில் இருந்தும் ஏன் கைவிடப்பட்டன? அவற்றுள் நமது தேயிலையோடு தொடர்புடையவை ஏதேனும் உண்டா?
— ஆசிரியை ஒருவர், ஹட்டன்

உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்டதையும், 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இங்கிருந்து லண்டனுக்குப் போனதையும் நீங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அதே 1873 இல்தான் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பட்லர்ஸ் வார்ஃப் என்னும் களஞ்சியத் தொகுதி கட்டி முடிக்கப்பட்டது. தேயிலையும் வாசனைத் திரவியங்களும் தானியமும் மலைபோல் குவிந்து கிடந்த இடம் அது. நமது ஸ்டோர்களில் ஆணி அடித்து, தோட்டத்தின் பெயரை மேலே பொறித்து மூடிய பலகைப் பெட்டிகள் ரயிலில் கொழும்புக்கு இறங்கி, பேரை வாவிக் கரையிலிருந்த களஞ்சியங்களில் அடுக்கப்பட்டு, படகுகளில் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறி, பல வாரங்களுக்குப் பிறகு தேம்ஸ் கரையில் இதுபோன்ற களஞ்சியங்களுக்குள் தூக்கி வைக்கப்பட்டன. அங்கே தரகர்கள் பெட்டியைத் துளைத்து மாதிரி எடுத்துச் சுவைத்து, ஏலத்தில் விலை சொன்னார்கள். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடந்து வந்தபோதிலும், லண்டன் ஏலம் 1998 வரை நீடித்தது. மலையகத்துக் கொழுந்து எடுத்த கைகளுக்கும் லண்டன் ஆற்றங்கரையில் பெட்டி தூக்கிய தோள்களுக்கும் இடையே அப்படியொரு நீண்ட சங்கிலி இருந்தது.

அந்தச் சங்கிலியை அறுத்தது கொள்கலன். 1956 இல் அமெரிக்காவில் முதன்முதலாகச் சரக்கு நிரப்பிய இரும்புக் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. அதன் பிறகு பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கும் முறை சில பத்தாண்டுகளுக்குள் மறைந்தது. கொள்கலன் கப்பல்கள் பெரியவை. அவற்றுக்கு ஆழமான நீரும், பாரந்தூக்கிகள் நகர அகன்ற வெளியும் வேண்டும். நகரத்தின் நடுவே இருந்த பழைய துறைகளில் இரண்டும் இல்லை. ஆகவே லண்டனில் துறைமுக வேலை ஆற்றின் முகத்துவாரத்துப் பக்கம் டில்பரிக்கு நகர்ந்தது. 1967 இலிருந்து 1981 வரையான காலத்தில் நகருக்கு அருகிலிருந்த துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பட்லர்ஸ் வார்ஃப் மூடப்பட்டது 1972 இல். லிவர்பூல் நகரின் அல்பேர்ட் துறையும் அதே ஆண்டில் மூடப்பட்டது.

அந்த நிலம் விலைமதிப்புள்ளது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இன்று அது உண்மை. அன்றோ, அழுக்கு நீரும் சேறும் எண்ணெய் நாற்றமும் நிறைந்த ஆற்றங்கரையில் குடியிருக்க வசதியுள்ள எவரும் விரும்பவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெட்டி சுமந்த தொழிலாளர் குடும்பங்கள் மாத்திரம் அங்கே வாழ்ந்தன. வேலை போனதும் முதலில் நிலைகுலைந்தவர்கள் அவர்கள்தாம். பட்லர்ஸ் வார்ஃப் 1980களில் உயர்விலை அடுக்குமாடி வீடுகளாகவும் உணவகங்களாகவும் மாறியது. அருகிலிருந்த பழைய வாழைப்பழக் களஞ்சியம் ஒன்று 1989 இல் வடிவமைப்பு அருங்காட்சியகமாகி, 2016 வரை அங்கே இயங்கியது. கட்டடங்கள் அழகாகக் காப்பாற்றப்பட்டன. பெட்டி தூக்கிய குடும்பங்கள் வாடகை கொடுத்து வாழக்கூடிய இடமாக அது இருக்கவில்லை. இதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன்; கீழே மஸ்கெலியா வாசகருக்கு எழுதும் பதிலில் இதன் தொடர்ச்சி வரும்.

கேள்வி: நான் கட்டடக்கலை படிக்கும் மாணவன். பழைய கட்டடத்துக்குள் புதிய பயன்பாட்டை நுழைப்பதில் படைப்பாற்றல் என்பது எங்கே இருக்கிறது? உங்கள் பார்வையில் மிகச் சிறப்பாகச் செய்யப்பட்ட ஒன்றைச் சொல்ல முடியுமா?
— பேராதனையிலிருந்து ஒரு வாசகர்

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் நிற்கும் தானியக் குதிர் ஒன்றை முதலில் சொல்வேன். 1924 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம் 57 மீற்றர் உயரமானது. நாட்டின் உட்பகுதிகளில் விளைந்த சோளம் ரயிலில் வந்து அங்கே சேமிக்கப்பட்டு, கப்பலேறியது. 2001 இல் அது பயனற்றுப் போனது. உள்ளே அறை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நெருக்கி நிறுத்தப்பட்ட 42 கொன்கிரீட் குழாய்கள்தாம் இருந்தன. மாடிகளும் இல்லை, சன்னல்களும் இல்லை. மனிதர் நடமாடுவதற்கென்று கட்டப்படாத ஒன்றை மனிதருக்காக மாற்றுவது எப்படி?

குழாய்களை முற்றாக இடித்துவிட்டு வெளிச்சுவரை மாத்திரம் வைத்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும். வடிவமைப்பாளர் தோமஸ் ஹெதர்விக் அவ்வாறு செய்யவில்லை. குதிருக்குள் கிடைத்த ஒரு சோள மணியின் வடிவத்தை எடுத்து, அதைப் பன்மடங்கு பெருப்பித்து, அந்த வடிவிலான வெற்றிடத்தைக் குழாய்களின் நடுவே குடைந்தெடுத்தார்கள். வெட்டப்பட்ட குழாய்களின் வளைந்த விளிம்புகள் நாற்புறமும் எழுந்து நிற்க, மேலிருந்து ஒளி இறங்கும் பெரிய முற்றம் ஒன்று உருவானது. 2017 இல் அது ஆபிரிக்கக் கலைஞர்களின் சமகாலப் படைப்புகளுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே நிற்பவர், இது தானியம் நிறைந்திருந்த இடம் என்பதைப் பெயர்ப்பலகை இன்றியே உணர்கிறார். நீங்கள் கேட்ட படைப்பாற்றல் அங்கே இருக்கிறது: கட்டடத்தின் மிகப் பெரிய இடையூறு எதுவோ, அதையே அதன் மிகப் பெரிய சிறப்பாக்கியிருக்கிறார்கள்.

லண்டனின் டேட் மொடர்ன் கலைக்கூடம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. தேம்ஸ் கரையில் சென் போல் பேராலயத்துக்கு எதிரே நின்ற பாங்க்சைட் மின்நிலையம் 1981 இல் மூடப்பட்டது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. சுழலிகள் அகற்றப்பட்டதும் எஞ்சிய 35 மீற்றர் உயர மண்டபத்தை அறைகளாகப் பிரித்து நிரப்பாமல், வெறுமையாகவே விட்டார்கள். மழைக்கு ஒதுங்குபவர்கூட உள்ளே நடந்து போகக்கூடிய தெருவைப் போல அது இருக்கிறது. நிரந்தரச் சேகரிப்பைப் பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. எதையும் சேர்க்காமல் விடுவதற்கும் துணிவு வேண்டும் என்பதைக் கட்டடக்கலை மாணவர்கள் இங்கே கற்கலாம். 2012 இல் நிலத்தடியிலிருந்த எண்ணெய்த் தாங்கிகளையும் நிகழ்த்துகலைக்கான கூடங்களாக்கினார்கள்.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், எல்பே ஆற்றங்கரையில் உள்ள இசை அரங்கைப் பற்றிப் பலர் வியந்து எழுதியிருந்தீர்கள். கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் சேமிக்கப்பட்ட, 1966 இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கற் களஞ்சியத்தின் மேல் அலைபோன்ற கண்ணாடி மாளிகை ஒன்று எழுப்பப்பட்டு, 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. செங்கல்லும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில், 37 மீற்றர் உயரத்தில், எவரும் ஏறி நின்று நகரைப் பார்க்கக்கூடிய திறந்த தளம் இருக்கிறது; அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய களஞ்சியத்தின் உட்பகுதி முழுவதும் இடிக்கப்பட்டு, வெளிச்சுவர் மாத்திரமே எஞ்சியது. புதிய பாரத்தைத் தாங்குவதற்காக, ஏற்கெனவே இருந்த 1,111 அடித்தூண்களுக்கு மேலதிகமாக 600 க்கும் அதிகமான தூண்களை ஆற்றுப்படுகையில் இறக்க வேண்டியதாயிற்று. நகர மக்கள் செலுத்த வேண்டியிருக்கும் என்று முதலில் சொல்லப்பட்ட 77 மில்லியன் யூரோ, முடிவில் 789 மில்லியன் யூரோ ஆயிற்று. அழகில் குறை சொல்ல முடியாத அந்தக் கட்டடத்தை நான் மறுபயன்பாட்டுக்கு முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன். கட்டடம் எதைத் தாங்கும் என்று கேட்காமல், நாம் விரும்பியதை அதன் தலையில் ஏற்றியதன் விலை அது.

கேள்வி: பழையதைப் பழுதுபார்ப்பதைவிட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது மலிவு என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்கிறார்களே?
— வாசகர், நுவரெலியா

சில கட்டடங்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது பாரம். பொறியியலாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுப்படி, குடியிருக்கும் வீட்டின் தளம் சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரத்தைத் தாங்க வேண்டும். புத்தக அடுக்குகள் நெருங்கி நிற்கும் நூலகத் தளமோ 150 இறாத்தலைத் தாங்க வேண்டும். துறைமுகக் களஞ்சியங்கள் மூட்டைகளை அடுக்குவதற்காகவே கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் தளங்கள் பொதுவாகப் பெரும் பாரத்தைத் தாங்கும். நமது தேயிலை ஸ்டோர் அப்படியல்ல. கொழுந்தை உருட்டும் பாரமான ரோலர்களும் அடுப்புகளும் நிற்கும் கீழ்த்தளம் உறுதியானது. ஆனால் கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி வாட்டிய மேல்மாடிகள் இலேசான பாரத்துக்காகப் பலகையால் அமைக்கப்பட்டவை. அந்த மாடியில் நூலகம் அமைக்க விரும்பினால் வாசிப்பு மேசைகள் மேலேயும் புத்தக அடுக்குகள் கீழேயும் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை மதித்துத் திட்டமிட்டால் செலவு குறையும். மீறினால் ஒப்பந்தக்காரர் சொல்வதே உண்மையாகிவிடும்.

அடுத்தது ஈரம். பழைய கல், செங்கற் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. உள்ளே புகுந்த ஈரத்தை அவை மெல்ல வெளியே விடும். அவற்றின் மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். வருடத்தில் பாதி நாட்கள் பனிமூட்டம் சூழும் உங்கள் ஊரில் இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. நீர்க்கரைக் கட்டடமாயின் அடித்தளத்தையும் ஆராய வேண்டும்: நீருக்குள் மூழ்கியிருக்கும் மரத்தூண் நூறாண்டுக்கு மேலும் நிற்கும், நீர்மட்டம் இறங்கிக் காற்றுப்படத் தொடங்கினால் உளுக்கத் தொடங்கும்.

மூன்றாவது, முந்தைய தொழில் விட்டுச் சென்ற நஞ்சு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏரிக்கரையில் இருந்த எரிவாயுத் தொழிற்சாலை 1956 இல் மூடப்பட்டு, கோபுரங்கள் இடிக்கப்படாமல் 1975 இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தாரும் எண்ணெயும் ஊறிய மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலை அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. நமது ஸ்டோர்களில் அந்த அளவுக்கு நஞ்சு இல்லை. ஆனால் கூரையிலோ தடுப்புச் சுவரிலோ அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால், அதை உடைக்கவும் அறுக்கவும் கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பயிற்சி பெற்றவர்கள் நனைத்து, முழுத் தகடாகக் கழற்றுவதே முறை.

மலைச்சரிவில் நிற்கும் எந்தக் கட்டடத்துக்கும் பணம் செலவிடுவதற்கு முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிய மதிப்பீட்டைப் பெற்றாக வேண்டும். சரிவு பாதுகாப்பற்றது என்று அவர்கள் சொன்னால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் மக்களைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: கண்டி வாவியைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் போகம்பறைச் சிறைச்சாலையை என்ன செய்யப் போகிறார்கள் என்று யோசிப்பேன். நமது நாட்டில் நீர்க்கரைக் கட்டடங்களை மறுபடி பயன்படுத்தும் மரபு இருந்திருக்கிறதா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கண்டி

நீங்கள் நடக்கும் அதே வாவிக்கரையில் மிகப் பழைய உதாரணம் ஒன்று நிற்கிறது. 1807 இல் இந்த வாவியை அமைக்கத் தொடங்கிய கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் தேவியர் நீராடிய உல்பெங்கே என்னும் மண்டபம், ஆங்கிலேயர் காலத்தில் மேல்மாடி கட்டப்பட்டு இராணுவ அதிகாரிகளின் நூலகமானது. பின்னர் பொலிஸாரின் பாவனைக்கு வந்தது. அரண்மனைப் பெண்களின் நீராடுமிடத்தை வெற்றி கொண்டவர்களின் வாசிப்பறையாக மாற்றியதில் அதிகாரத்தின் கை தெரிகிறது. ஆனாலும் கட்டடம் இடிபடாமல் நம் கண்முன் நிற்பதற்கு அந்த மாற்றமே காரணம் என்பதையும் மறுக்க முடியாது.

போகம்பறை 1876 இல் கட்டப்பட்டது. 2014 இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். நகரம் நெரிசலால் மூச்சுத் திணறும் கண்டியில், பேருந்து நிலையத்துக்கும் வாவிக்கும் சில நிமிட நடைத் தூரத்தில் அத்தனை பெரிய வளவு வேறு எங்கே கிடைக்கும்? அதன் மதில்களில் வாசல்கள் திறந்து, உட்புற வெளியைப் பொதுமக்கள் குறுக்கே நடந்து போகவும் மரநிழலில் அமரவும் விட வேண்டும் என்பது என் விருப்பம். சிறைக்கூடங்களில் ஒரு பகுதியைக் கைவினைஞர்களின் பட்டறைகளாக்கலாம். சிறிய அறைகள் அதற்குப் பொருந்தும். ஆனால் அங்கே தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியை வேடிக்கைக் காட்சியாக்காமல், மாற்றாமல், அடக்கமாகப் பேணுவது கடமை. கண்டி 1988 முதல் உலக மரபுரிமை நகரம் என்பதால், அங்கே எதைச் செய்தாலும் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கேள்வி: நுவரெலியாத் தபாலகத்தை ஹோட்டலாக்க முயன்றதும் இந்த வகையான மறுபயன்பாடுதானே? அதை ஏன் எதிர்த்தார்கள்?
— வாசகி, நானுஓயா

அல்ல. 1894 இல் கட்டப்பட்ட அந்தச் செங்கற் கட்டடத்தில் மக்கள் இன்றும் வரிசையில் நின்று கடிதம் அனுப்புகிறார்கள். 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது, உயிரோடு இருக்கும் ஒரு பொதுச்சேவையைக் கட்டடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்பதற்காக. கைவிடப்பட்ட கட்டடத்துக்குப் புதிய வேலை கொடுப்பது ஒன்று. வேலை செய்துகொண்டிருக்கும் கட்டடத்தைக் காலி செய்விப்பது வேறு. ஊழியர்களின் பக்கமே நான் நிற்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஸ்டோர் நீர்த்தேக்கத்துக்கு மேலே, தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது. பல வருடங்களாகப் பூட்டுத்தான். என் அப்பா அங்கே ரோலர் அறையில் வேலை செய்தவர். ஹோட்டல் வரப் போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். ஹோட்டலைத் தவிர வேறு எதற்கும் அது உதவாதா? எங்களுக்கு அதில் உரிமை ஏதும் உண்டா?
— தோட்ட இளைஞர் ஒருவர், மஸ்கெலியா

தம்பி, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. உங்கள் ஊர், நீர்க்கரை என்றால் என்ன என்பதை மற்ற எந்த ஊரையும்விட ஆழமாக அறிந்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுகின்றன. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது; அந்த ஊர் மக்கள் வாழ்ந்த இடத்தை இழந்தார்கள். ஆகவே நீர்க்கரையில் எஞ்சியிருக்கும் கட்டடத்தை யார், எதற்காகப் பயன்படுத்துவது என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.

ஹோட்டல் என்பதை நான் அடியோடு மறுக்கவில்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் மூடிய ஸ்டோர் 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டபோது, வெளித்தோற்றத்தையும் உருக்குச் சட்டகத்தையும் பழைய இயந்திரத்தையும் பேணினார்கள். அது கட்டடத்தை மதித்துச் செய்த வேலை. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் பத்தாண்டுக்கு மேல் பாழடைந்து கிடந்த ஸ்டோரைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து தேயிலை அருங்காட்சியகமாக்கின. பழைய ரோலர்களையும் அடுப்புகளையும் அங்கே பார்க்கலாம்; ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களையும் பார்க்கலாம். அந்த இயந்திரங்களை இராப்பகலாக ஓட்டியவர்களைப் பற்றி அறிய விரும்பினால், கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே சமூக அபிவிருத்தி நிறுவகம் தொழிலாளர்கள் வரிசையறைகளில் குடியிருந்த ஒரு பழைய லயத்தைப் புதுப்பித்து, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் நடத்தி வருகிறது. கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிரசாவுரிமைப் பத்திரங்களும் லயத்து அறைக்குள்ளேயே காட்சிக்கு இருப்பது, எத்தனையோ கோடி செலவில் கட்டிய மண்டபத்தால் தர முடியாத உண்மையைத் தருகிறது. மலையகத்தில் இதுவரை நடந்த மறுபயன்பாடுகளுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

இனி உங்கள் ஸ்டோர். கட்டடத்தின் ஒவ்வொரு தளமும் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு நெருங்கிய வேலையைக் கொடுத்தால் குறைந்த செலவில் அது மறுபடி இயங்கும். இயந்திரம் நின்ற கீழ்த்தளம் அதிர்வையும் பாரத்தையும் தாங்கும். தச்சு, ஒட்டுவேலை, வாகனம் திருத்துதல் போன்ற தொழிற்பயிற்சிக்கு ஏற்றது. வரிசையாகச் சன்னல்கள் உள்ள மேல்மாடிகள் காற்றை உள்ளிழுத்துக் கொழுந்தை வாட்டுவதற்கென்றே அமைந்தவை. மிளகு, மூலிகை, காளான் போன்றவற்றை உலர்த்திப் பொதியிடும் சிறுதொழிலுக்கு அவை கிட்டத்தட்டத் தயாராகவே இருக்கின்றன. அதே வெளிச்சம் தையலுக்கும் வாசிப்புக்கும் உதவும். கொழும்புக்குப் போய்க் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் உங்கள் வயதினர், நல்ல இணைய இணைப்பும் மேசையும் இருந்தால் இங்கிருந்தபடியே கணினி வேலை செய்ய முடியும். தாய்மார் வேலைக்கு வரும்போது பிள்ளைகளை விட்டுச் செல்ல, கீழே ஒரு மூலையில் வெளிச்சமான பிள்ளைக்காம்பரா அமைக்கலாம். தண்ணீரைப் பார்க்கும் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தேநீர்ச்சாலையும் சில அறைகளும் இருந்தால், மற்றவற்றைப் பராமரிக்கும் பணம் அதிலிருந்து வரும். முழுக் கட்டடத்தையும் ஒரே ஹோட்டலுக்குக் கொடுப்பதைவிட இத்தகைய கலப்புப் பயன்பாடு நீடித்து நிற்கும். ஒரு தொழில் படுத்தாலும் இன்னொன்று விளக்கை எரிய வைத்திருக்கும்.

உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டநிலை உங்களுக்கு முழுச் சாதகமாக இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றில் பெரும்பாலானவற்றின் முகாமை பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. எனவே பொதுவாக நிலம் அரசினுடையது, நடத்துவது கம்பனி. தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை தலைமுறை அங்கே உழைத்திருந்தாலும் கட்டடத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கையெழுத்து அவர்களுடையதல்ல. தொல்பொருட் கட்டளைச் சட்டமும் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களுக்கே இயல்பான பாதுகாப்பைத் தருகிறது. அதன் பின்னர் எழுந்த ஒரு ஸ்டோருக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின் அதற்கெனத் தனியாக வர்த்தமானி அறிவித்தல் வர வேண்டும்.

ஆயினும் நிலம் அரசினுடையது என்பதே பேசுவதற்கு இடமும் தருகிறது. பொதுநிலத்தில் நிற்கும் கட்டடத்தை ஒரு முதலீட்டாளருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும்போது நிபந்தனைகளை விதிக்க முடியும். வேலைவாய்ப்பில் தோட்டத்து இளைஞருக்குக் குறிப்பிட்ட பங்கு, அதற்கு முன்கூட்டிய பயிற்சி, கோயிலுக்கும் தண்ணீருக்கும் போகும் பாதை மூடப்படாமை, கீழ்த்தளத்தில் ஒரு பகுதி தோட்ட மக்களின் பொதுப்பாவனைக்கு, அங்கே உழைத்தவர்களின் பெயர்களும் படங்களும் வாசலிலேயே இருத்தல் ஆகியவை எழுத்தில் வர வேண்டும். வாய்ச்சொல்லாகத் தரப்படும் வாக்குறுதியை ஏற்க வேண்டாம். லண்டன் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க, பேச வேண்டிய காலம் ஒப்பந்தம் கைச்சாத்தாவதற்கு முன்புதான்.

கேள்வி: பணமும் அனுமதியும் வருவதற்குப் பல வருடங்கள் ஆகலாம். அதுவரை சாதாரண மக்கள் செய்யக்கூடியது என்ன?
— இளைஞர் மன்ற உறுப்பினர்கள், பண்டாரவளை

கட்டடம் இடிந்து விழுவது பெரும்பாலும் கூரையில் தொடங்குகிறது. ஒரு தகரம் பெயர்ந்தால் மழைநீர் பலகைத் தளத்தில் விழும். தளம் உளுத்தால் உத்திரம் போகும். பீலியில் குப்பை அடைத்தால் சுவர் ஊறும். ஆகவே முகாமையாளரிடம் அனுமதி பெற்று, வருடத்துக்கு இருமுறை, பருவமழைக்கு முன்பாக, பீலிகளைத் துப்புரவு செய்வதும் பெயர்ந்த தகரத்தை மாற்றுவதும் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. சுவர் வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்றை வேரோடு இளமையிலேயே அகற்ற வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் உள்ளே நுழைய வேண்டாம். உளுத்த பலகைத் தளம் ஆளை விழுங்கும்.

வெளியிலிருந்தபடி செய்யக்கூடியவையும் உண்டு. கட்டடத்தின் நான்கு பக்கத்தையும் தொலைபேசியிலேயே படமெடுத்து, திகதியிட்டு, ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். வெடிப்பு வளர்கிறதா என்று பொறியியலாளர் முதலில் கேட்பார். ஸ்டோரில் வேலை செய்த முதியவர்களை அமர்த்தி, எந்த இயந்திரம் எங்கே நின்றது, எத்தனை மணிக்குச் சங்கு ஊதியது, எந்த மாடியில் யார் வேலை செய்தார்கள் என்பதைக் குரற்பதிவு செய்யுங்கள். அவர்கள் கையால் வரைந்த ஒரு தரைப்பட வரைவு, தொலைந்துபோன மூல வரைபடத்துக்கு ஈடாகும். இயந்திரங்களை இரும்புக் கடைக்கு விற்க முயற்சி நடந்தால், உடனே பிரதேச செயலாளருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த படங்களில், ஸ்டோரின் தென்புறச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு வெடிப்புத் தெரிகிறது. அதன் இரு பக்கத்தையும் இணைத்துச் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சீமெந்தால் ஒட்டி, ஒட்டிய திகதியைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அந்தப் பக்கத்தில் சிறுவர் விளையாடுவதை அன்றே தடுத்து, படத்தோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அடுத்த மழைக்காலம் முடியும்வரை உடையாமல் இருந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள், கூரையைப் பற்றிப் பேசலாம்.